மலைக் காற்றும் மக்கள் இரத்தமும்

(புதூரில் இவ்வூர் வாலிபர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மலைமேல் செய்யும் தேகாப்பியாசம் என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இவ்வூர் வாலிபர்கள் நம்மைக் கேட்டுக் கொண்டார்கள். நாம் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த கூட்ட விளம்பரத்தைப் படித்த ஒரு பெரியவர் நம்மைப் பார்த்து, "ஏன்யா, இந்தப் புதூர்ல ஏறி நின்னு பார்க்க ஒரு பாறை உண்டுமா? கண்ணுக்கு எட்டின மட்டும் கரிசல். இங்க வந்து மலையைப் பத்திப் பேசப் போறியளாக்கும்!" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆதலால் அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பெண் இருக்கிறது. பேரையும் ஊரையும் நாம் சொல்லப் போவதில்லை. மாவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பெண். ஊட்டியில் நடக்கும் ஒரு மாதப் பயிற்சி முகாமுக்கு வரும்படி அதற்கு அழைப்பு வந்திருக்கிறது. வீட்டார் அனுப்ப மறுக்கிறார்கள். மறுப்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் நான்கு. முதலாவது, மலையில் மூச்சு முட்டும், அங்கே காத்து கருப்பு உண்டு என்று பாட்டி சொல்லுகிறாள். இரண்டாவது, உயரமான இடத்தில் கண்டம் இருப்பதாக ஜோசியன் சொல்லியிருக்கிறான். மூன்றாவது, ஓட்டமெல்லாம் அதற்கென்று பிறந்தவர்களுக்குத்தான், நமக்கு எதற்கு என்று பெரியப்பா சொல்லுகிறார். நான்காவது, மலைக்காற்றும் ஓட்டமும் பெண்பிள்ளையின் கருப்பையைக் கெடுத்துவிடும் என்று ஊரே சொல்லுகிறது.

தோழர்களே! அந்தப் பெண்ணுக்காகத்தான் இன்று கரிசல் காட்டில் நின்று மலையைப் பற்றிப் பேசுகிறோம். இந்த நான்கில் எதையும் நாம் கேலி செய்து தள்ளிவிடப் போவதில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, பகுத்தறிவு என்னும் தராசில் வைத்து, நிறை எவ்வளவு என்று பார்ப்போம்.

மூச்சு முட்டுவது ஏன்?

மலையில் மூச்சு முட்டுவது உண்மை. பாட்டி சொன்னது பொய்யல்ல. பாட்டி சொன்ன காரணம்தான் தப்பு.

காற்றில் 100க்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு. இது கோவில்பட்டியிலும் அதுதான், ஊட்டியிலும் அதுதான், எவரெஸ்ட் உச்சியிலும் அதுதான். பின் மலையில் குறைவது எது? காற்றின் அழுத்தம். பருத்திக் குடோனில் பஞ்சை மலையாகக் குவித்து வைத்தால் அடியில் கிடக்கும் பஞ்சு மேலே உள்ள பாரத்தால் அமுங்கிக் கெட்டியாக இருக்கிறது. மேலே கிடக்கும் பஞ்சு பூப்போல் லேசாக இருக்கிறது. காற்றும் அப்படித்தான். நாம் இந்தக் கரிசலில் காற்றுக் குவியலின் அடியில் இருக்கிறோம். ஒரு மூச்சு இழுத்தால் கெட்டிக் காற்று கிடைக்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் இங்குள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். 5,500 மீட்டரில் பாதி. எவரெஸ்ட் உச்சியான 8,849 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு.

அதே மூச்சை இழுக்கிறோம். அதில் அடங்கும் பிராணவாயு குறைந்துவிடுகிறது. ஆகவே மூச்சு முட்டுகிறது. பிரான்சு தேசத்துப் போல் பெர் என்ற விஞ்ஞானி காற்றழுத்தத்தைப் பற்றி ஆராய்ந்து 1878லேயே பெரிய நூல் எழுதி இதை விளக்கிவிட்டார். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள இரும்பு அறைக்குள் தாமே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். அந்த அறைக்குள் எந்தக் காத்து கருப்பும் வரவில்லை. அழுத்தம் குறைந்தபோது தலை சுற்றியது. பிராணவாயுவைச் சுவாசித்ததும் தெளிந்தது. அவ்வளவுதான் சங்கதி.

உடம்பு செய்யும் ஏற்பாடு

இனி, மலைக்குப் போய் ஏன் ஓடுகிறார்கள் என்பதைக் கேளுங்கள். நம் இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்களைப் பார வண்டிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நுரையீரல் என்னும் களத்தில் பிராணவாயு என்னும் பருத்தியை ஏற்றிக்கொண்டு போய், தசை என்னும் அரவை மில்லில் இறக்குவது அவற்றின் வேலை. மலையில் களத்துக்கு வரும் பருத்தி குறைந்துவிட்டது; வண்டிகள் முழுப் பாரம் ஏறாமல் போகின்றன. உடனே உடம்பு என்ன செய்கிறது? முதல் நாளே, நடையை அதிகமாக்குகிறது. அதாவது மூச்சு வேகமாகிறது, நெஞ்சு வேகமாக அடிக்கிறது. இது தற்காலிக ஏற்பாடு.

நிரந்தர ஏற்பாடு வேறு. நம் இடுப்புக்கு மேலே இருக்கும் சிறுநீரகம் வெறும் மூத்திரப் பை என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு நல்ல கணக்குப்பிள்ளை. பருத்தி வரத்துக் குறைந்ததைக் கண்டதும் எரித்ரோபொயட்டின் என்னும் ஒரு ரசத்தைச் சுரந்து, எலும்பு மஜ்ஜைக்கு, "வண்டி போதாது, இன்னும் செய்" என்று சீட்டு அனுப்புகிறது. இரண்டு மூன்று வாரத்தில் புதிய சிவப்பு அணுக்கள் பெருகுகின்றன. 1890ல் வியோ என்ற பிரெஞ்சு வைத்தியர் பெரு தேசத்து மலைகளுக்குப் போய்த் தம் இரத்தத்தையே எண்ணிப் பார்த்து, அணுக்கள் அதிகமானதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். வண்டி அதிகமான உடம்போடு சமவெளிக்கு இறங்கி வந்து ஓடினால், களத்தில் பருத்தியும் நிறைய, வண்டியும் நிறைய. ஓட்டக்காரனுக்கு அதுதான் லாபம்.

ஆனால் மலையிலேயே ஓடுவதில் ஒரு நஷ்டமும் உண்டு. பிராணவாயு குறைவாக இருப்பதால் அங்கே முழு வேகத்தில் ஓட முடியாது, கால் சோம்பிவிடும். இதற்கு வழி என்னவென்று லெவைன், ஸ்ட்ரே-குண்டர்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 39 ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்து 1997ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியார் 2,500 மீட்டரில் வசித்து அங்கேயே ஓடினார்கள். ஒரு பகுதியார் தாழ்வான இடத்திலேயே வசித்து அங்கேயே ஓடினார்கள். மற்றொரு பகுதியார் 2,500 மீட்டரில் படுத்துறங்கி, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து ஓடினார்கள். நான்கு வாரத்துக்குப் பின் 5,000 மீட்டர் ஓட்டத்தில் வேகம் கூடினவர்கள் மேலே உறங்கிக் கீழே ஓடினவர்கள்தான். எவ்வளவு கூடியது? சுமார் 13 விநாடி. இது என்ன பிரமாதம் என்று நினைக்காதீர்கள். பெரிய பந்தயங்களில் முதலாவது வருகிறவனுக்கும், பேரே வெளியே தெரியாமல் போகிறவனுக்கும் உள்ள தூரம் அதைவிடக் குறைவு.

இந்தப் பலன் எவ்வளவு காலம் நிற்கும்? கீழே இறங்கிய சில வாரங்களில் குறைந்துவிடும். மலைமேல் ஒரு குளத்தில் ஒரு முழுக்குப் போட்டால் ஏழு ஜென்மத்துக்குப் பலன் உண்டென்று புராணீகன் கூசாமல் சொல்லுகிறான். விஞ்ஞானி சில வாரம் என்று அளந்து சொல்லுகிறான். யார் யோக்கியன் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கண்டம் எங்கே இருக்கிறது?

இனி ஜோசியன் சொன்ன கண்டத்துக்கு வருவோம். உயரத்தில் ஆபத்து இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. உண்டு. ஆனால் அது ஜாதகக் கட்டத்தில் இல்லை; ஏறும் வேகத்தில் இருக்கிறது.

பாரதத்தில் ஒரு கதை. பாண்டவர்கள் கடைசியாக இமயமலை ஏறுகிறார்கள். முதலில் திரௌபதி விழுந்து சாகிறாள். பிறகு ஒவ்வொரு தம்பியாக விழுகிறான். ஏன் விழுந்தார்கள் என்று கேட்டால், திரௌபதி அர்ச்சுனனிடம் பட்சபாதம் வைத்த பாவத்தால் விழுந்தாள் என்றும், இன்னொருவன் அழகில் கர்வப்பட்ட பாவத்தால் விழுந்தான் என்றும் அண்ணன் காரணம் சொல்லிக்கொண்டே திரும்பிப் பாராமல் நடக்கிறான். இது நடந்த சங்கதி என்று நாம் சொல்லவில்லை. கதை கட்டினவனுடைய புத்தி எந்த வழியில் போயிற்று என்பதைத்தான் காட்டுகிறோம். மலையில் ஒருத்தி விழுந்தால் அவளுக்குக் காற்றுப் போதவில்லை என்று தோன்றவில்லை. அவள் நடத்தையில் குற்றம் என்று தோன்றுகிறது. முதலில் விழுபவளும் பெண்ணாகவே இருக்கிறாள்!

புராணத்தை விடுங்கள். 1962 சீன யுத்தத்தின்போது சமவெளியில் இருந்த சிப்பாய்கள் அவசரம் அவசரமாக 11,000 அடிக்கும் அதற்கு மேலும் அனுப்பப்பட்டார்கள். திடகாத்திரமான வாலிபர்கள். தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்து, சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, உயிருக்கே ஆபத்தாயிற்று. டாக்டர் இந்தர் சிங்கும் அவரது கூட்டாளிகளும் இப்படி நோயுற்ற 1,925 சிப்பாய்களைப் பரிசோதித்துக் கண்டதை 1969ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார்கள். உலகமெங்கும் மலை நோய் பற்றிப் பேசுவோர் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த அனுபவத்தின் பலனாக இந்திய ராணுவத்தில் ஒரு விதி ஏற்பட்டது. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை 6 நாள். 15,000 அடி வரை மேலும் 4 நாள். அதற்கு மேல் போவதானால் இன்னும் 4 நாள். இந்த நாட்களில் முதலில் ஓய்வு, பிறகு நடை, பிறகு ஏற்றம் என்று உடம்பைப் பழக்கிய பிறகே மேலே அனுப்புகிறார்கள். இந்தக் கரிசல் கிராமங்களிலிருந்து ராணுவத்துக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய தாய்மார் இங்கே இருக்கிறார்கள். அம்மா! லடாக்கில் உங்கள் பிள்ளையைக் காப்பது நீங்கள் முடிந்து வைத்த மஞ்சள் துணிக் காசு அல்ல. இந்த 6 நாளும் 4 நாளும் 4 நாளும்தான்.

பக்தர்களையும் பார்ப்போம். காஷ்மீரத்து அமர்நாத் குகை 3,888 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2012ஆம் வருஷ யாத்திரையில் மட்டும் 90க்கு மேற்பட்ட யாத்ரீகர்கள் இறந்து, உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரிக்கும்படி ஆயிற்று. இப்போது அங்கே போகிறவர்கள் வைத்தியரிடம் உடம்பைக் காட்டிச் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு போகவேண்டும். கவனியுங்கள் தோழர்களே! சாமியைப் பார்க்கப் போகிறவனிடம் சாமி பேரில் பக்தி உண்டா என்று சர்ட்டிபிகேட் கேட்கவில்லை. நெஞ்சும் மூச்சும் சரியாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். கோவில் நிர்வாகமே டாக்டரை நம்பும்போது, நாம் ஜோசியனை நம்ப வேண்டிய அவசியம் என்ன?

ஊட்டி விஷயத்தில் பயம் இன்னும் குறைவு. மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் வருகிறது. ஊட்டி அதற்குக் கீழே. முதல் சில நாள் மெதுவாக ஓடவேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், தலைவலித்தால் மறைக்காமல் சொல்லவேண்டும். அவ்வளவுதான் பரிகாரம். தட்சணை கிடையாது.

ஓடுவதற்கென்று பிறந்தவர் யார்?

மூன்றாவது சங்கதிதான் நம் இயக்கத்துக்கு நேராக வருகிறது. "அது அவங்க இரத்தத்திலேயே ஊறினது" என்கிற பேச்சு. இது ஜாதி பேசுகிற அதே நாக்கு பேசுகிற பேச்சு.

கருப்பு மக்களுக்கு நீண்ட தூரம் ஓடும் தாக்குப் பிடிக்காது என்று வெள்ளையரில் பலர் ஒரு காலத்தில் எழுதியும் பேசியும் வந்தார்கள். 1960ல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் எத்தியோப்பியா தேசத்து அபெபே பிக்கிலா என்ற அரண்மனைக் காவற்காரர் மாரத்தான் பந்தயத்தில் செருப்பில்லாத காலோடு ஓடி முதலாவது வந்தார். 1968ல் ஒலிம்பிக் பந்தயம் மெக்சிகோ நகரத்தில் நடந்தது. அந்நகரமும் ஊட்டியைப் போலவே ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். 10,000 மீட்டரில் கென்யாவின் தெமு, 1,500 மீட்டரில் கென்யாவின் கெய்னோ, மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே என்று மலைநாட்டார் வரிசையாக வென்றார்கள். உலக சாதனைகள் பல செய்த ஆஸ்திரேலிய வீரர் ரான் கிளார்க், 10,000 மீட்டர் முடிவில் மயங்கி விழுந்து பிராணவாயு கொடுக்கும்படி ஆயிற்று. அன்று முதல்தான் உலகத்தார் மலைப் பயிற்சியை நாடி ஓடுகிறார்கள். முன்பு "அவர்கள் பிறவியிலேயே ஓடமாட்டார்கள்" என்றவர்களின் பிள்ளைகள், இப்போது "அவர்கள் பிறவியிலேயே ஓடுகிறவர்கள்" என்றார்கள்! சாட்சி தலைகீழாக மாறியும் பிறவி என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை. மலையில் பிறந்தாலே போதுமென்றால் திபேத்தும் பொலிவியாவும் மாரத்தான் பதக்கங்களை மூட்டை கட்டியிருக்க வேண்டுமே? உயரத்தோடு உழைப்பும், பயிற்சியும், ஓடினால் சோறு உண்டு என்ற நிலைமையும் சேர்ந்ததே கென்யாக்காரரின் கால்.

இங்கே கெட்டிக்காரர் ஒருவர் எழுந்து, "திபேத்தியருக்கு மலைக்கு ஏற்ற குணம் பரம்பரையாக வருகிறதென்று விஞ்ஞானமே 2010ல் சொல்லிவிட்டதே, அப்படியானால் பிறவி உண்டுதானே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆம், பல்லாயிரம் வருஷம் மலையில் வாழ்ந்த மக்களிடம் அவ்விடத்துக்கு ஏற்ற குணம் தங்கியிருக்கிறது. ஆனால் அது எதனால் வந்தது? இடத்தினால் வந்தது. திபேத்தில் பிக்குவுக்கும் அந்தக் குணம் உண்டு, எருமை மேய்ப்பவனுக்கும் உண்டு. முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று காற்று ஆள் பார்த்து அளந்து கொடுக்கவில்லை. ஆகவே இது மநுவுக்குச் சாட்சி ஆகாது. அவனுக்கு விரோதமான சாட்சியே ஆகும்.

இன்னும் கிட்டத்தில் வாருங்கள். 2014 மே 25ந் தேதி எவரெஸ்ட் உச்சியில் நின்ற மாலாவத் பூர்ணாவுக்கு வயது 13 வருஷம் 11 மாதம். தெலுங்கு நாட்டு ஆதிவாசிக் கூலிக் குடும்பத்துப் பெண். கூட ஏறிய ஆனந்த் குமார் தாழ்த்தப்பட்டவர் என்று தள்ளிவைக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பையன். இருவரும் சர்க்காரின் சமூகநல விடுதிப் பள்ளிகளில் படித்தவர்கள். போங்கிர் பாறையில் கயிறு பிடிக்கக் கற்று, டார்ஜிலிங்கில் பயின்று, லடாக் குளிரில் பழகி, அதன் பின்பே எவரெஸ்டுக்குப் போனார்கள். கோவிலுக்குள்ளே வராதே என்று எந்த ஜனங்களைத் தடுத்தார்களோ, அந்த ஜனங்களின் குழந்தைகள், எந்தக் கோபுரமும் எட்டாத உயரத்தில் போய் நின்றார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது பூர்வஜென்ம புண்ணியம் அல்ல. பள்ளிக்கூடமும், சாப்பாடும், பயிற்சியுமேயாகும்.

பெண்ணும் மலையும்

இனி நான்காவது சங்கதி. ஓடினால் கருப்பை கெடும் என்பது நம் ஊர் மூடத்தனம் மட்டுமல்ல. 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்துவிட்டு, பெண்கள் களைத்துப் போனார்கள் என்று கூச்சலிட்டு, 1960 வரையில் அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு மாரத்தான் வைத்தது 1984ல்தான். ஐரோப்பாவின் மூடத்தனம் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தது, அவ்வளவே வித்தியாசம். இன்று லட்சக்கணக்கான பெண்கள் ஓடுகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், பெற்றபின் மறுபடியும் ஓடுகிறார்கள்.

1984 மே 23ந் தேதி பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறினார். இந்தியப் பெண்களில் முதல்வர். சரியாக 39 வருஷம் கழித்து, 2023ல் அதே மே 23ந் தேதி, தமிழ்நாட்டுப் பெண் ஒருவர் அந்த உச்சியில் நின்றார். அவர் யார்? முத்தமிழ்ச்செல்வி. எந்த ஊர்? ஊட்டியா, கொடைக்கானலா? இல்லை. இதோ, நம் எல்லைக்கு அடுத்த விருதுநகர் மாவட்டத்து ஜோகில்பட்டி! இரண்டு பெண்குழந்தைகளுக்குத் தாய். ஜப்பானிய பாஷை சொல்லிக் கொடுப்பவர். டீக்கடைப் பெரியவருக்கு இதுதான் பதில். ஏறி நிற்கப் பாறை இல்லாத ஊரிலிருந்துதான் எவரெஸ்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஊட்டியில் பயின்ற ஓட்டக்காரிகளில் லலிதா பாபர் என்பவரைக் கேளுங்கள். மராட்டிய நாட்டில் மாண் தாலுகா என்று ஒன்று உண்டு. மழை மறைவுப் பிரதேசம். நம் விளாத்திகுளம் தாலுகாவைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பூமி. அங்கே ஒரு குடியானவர் வீட்டில் பிறந்த அவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தில் இறுதிப் பந்தயம் வரை போய் 10வதாக வந்தார். 1984ல் பி. டி. உஷாவுக்குப் பிறகு தனியாக ஓடும் ஓட்டப் பந்தயத்தில் தகுதிச் சுற்றைத் தாண்டி இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவரே.

உண்மையான மலை எது?

தோழர்களே! இதுவரை சொன்னது முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது இனிமேல்தான்.

சிவப்பு அணு என்னும் வண்டியைப் பற்றிச் சொன்னோம். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை வேண்டும் அல்லவா? இரத்த வண்டிக்கும் இரும்பு வேண்டும். உடம்பில் இரும்புச் சத்து இல்லாவிட்டால், கணக்குப்பிள்ளை எத்தனை சீட்டு அனுப்பினாலும் வண்டி தயாராகாது. இரும்புச் சத்து வற்றிய உடம்போடு ஒரு மாதம் ஊட்டியில் கிடந்தாலும் இரத்தம் ஏறாது, களைப்புத்தான் ஏறும்.

நம் பெண்களின் நிலைமை என்ன? 2019–21ல் சர்க்கார் எடுத்த தேசீயக் குடும்பநலக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை. பாதிக்கு மேல்! ஒரு பெண்ணுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராம் ஹீமோகுளோபின் இருக்கவேண்டும். அது 9 ஆகிவிட்டால், அவள் இரத்தம் சுமக்கும் பிராணவாயுவில் கால் பங்கு போயிற்று. ஆரோக்கியமுள்ள ஒருத்தி ஊட்டிக்குப் போனால்கூட அவள் இரத்தம் 100க்கு 90க்கு மேல் பிராணவாயுவால் நிரம்பிவிடுகிறது. அப்படியானால் கணக்குப் பாருங்கள். ஊட்டியில் நிற்கும் ஆரோக்கியமான பெண்ணுக்குக் கிடைக்கும் பிராணவாயுவைவிட, புதூரில் களையெடுக்கும் சோகை பிடித்த பெண்ணுக்குக் கிடைப்பது குறைவு!

அவள் ஊட்டிக்குப் போகவே வேண்டாம். கரிசல் காட்டிலேயே, நெற்றி வெயிலில், மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். குடம் தூக்கும்போது ஏறுகிறாள். பருத்தி எடுக்கும்போது ஏறுகிறாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும்போது ஏறுகிறாள். வயிற்றில் ஒன்றையும் இடுப்பில் ஒன்றையும் வைத்துக்கொண்டு ஏறுகிறாள். "இவள் சோம்பேறி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறாள்" என்று புருஷன் ஏசுகிறான். எவரெஸ்ட் ஏறுகிறவனுக்குப் பிராணவாயு உருளை கொடுக்கிறோம். இவளுக்கு ஏச்சைக் கொடுக்கிறோம்.

இது ஏன் இப்படி இருக்கிறது? மாதாமாதம் இரத்தம் போகிறவள் அவள். அதை ஈடு செய்ய அதிகச் சாப்பாடு வேண்டியவளும் அவளே. நாம் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு என்ன? புருஷன் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மிஞ்சினதை அவள் வழித்துச் சாப்பிட வேண்டும். வெள்ளி விரதம் அவளுக்கு. சஷ்டி விரதம் அவளுக்கு. ஆடு அறுத்தால் கறி ஆணுக்கு, குழம்பு அவளுக்கு. இதற்குப் பேர் பெண்தர்மம்! 1929ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று நம் இயக்கம் தீர்மானித்தது. அடுப்பங்கரையில் சமபங்கு சோறு என்ற தீர்மானம் எத்தனை வீட்டில் நிறைவேறியிருக்கிறது?

செய்ய வேண்டியது

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். அந்தப் பெண்ணை அனுப்புங்கள். ஆனால் அனுப்புவதற்கு முன் ஜாதகத்தைப் பார்க்காதீர்கள், இரத்தத்தைப் பாருங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் காசில்லாமல் சொல்லிவிடுவார்கள். குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்பு மாத்திரையைக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் கொடுக்கும் மாத்திரையை, மலம் கருப்பாகப் போகிறதென்று பயந்து வீசி எறியவேண்டாம். அப்படிப் போவதால் கெடுதல் ஒன்றுமில்லை. குடற்பூச்சி மாத்திரையையும் தவறாமல் கொடுங்கள். நம் கரிசலில் விளையும் கம்பும், வேலியோரத்து முருங்கைக்கீரையும், முட்டையும், ஈரலும், கறியும் அவள் இலையில் விழட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராது; எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் சேரும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஜோசியனுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

பிறகு, ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பிள்ளைகள் ஹாக்கி ஆட்டத்தில் நல்ல பேர் வாங்கியிருக்கிறார்கள். அது எப்படி வந்தது? மைதானமும், விடுதியும், சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்ததால் வந்தது. ஹிமாசலப் பிரதேசத்து ஷில்லாரூவில் சுமார் 8,000 அடி உயரத்தில் சர்க்கார் பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஹாக்கிக்கென்று செயற்கைப் புல்தரையும் போட்டிருக்கிறார்கள். அதுபோன்ற இடங்களுக்கு நம் பிள்ளைகள் போகவேண்டுமானால் முதல் படி இங்கே இருக்கவேண்டும். கொடைக்கு வசூலிக்கும் வரியில் நாலில் ஒரு பங்கை எடுத்து உடைமரத்தை வெட்டி ஒரு ஓட்டக்களம் போடுங்கள். சாயங்காலத்தில் ஆணும் பெண்ணும், மேலத்தெருவும் கீழத்தெருவும், ஒரே களத்தில் ஓடட்டும். மூச்சு வாங்கும்போது யார் எந்த ஜாதி என்று கேட்க யாருக்கும் அவகாசம் இராது. அது ஒன்றே பெரிய லாபம்.

முடிவாக ஒன்று. பிராணவாயு உருளை இல்லாமல் எவரெஸ்ட் ஏறவே முடியாதென்று விஞ்ஞானிகளில் பலர் நினைத்திருந்தார்கள். 1978 மே 8ந் தேதி மெஸ்னர், ஹாபெலர் என்ற இருவர் உருளை இல்லாமலேயே ஏறி இறங்கினார்கள். விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்? அவர்களைப் பாவி என்றார்களா? சபித்தார்களா? இல்லை. 1981ல் ஒரு வைத்தியர் உச்சிக்கே கருவியைக் கொண்டுபோய் அழுத்தத்தை அளந்தார். தாங்கள் கணக்கிட்டிருந்ததைவிட அங்கே அழுத்தம் சற்று அதிகம் என்று கண்டார்கள். தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். தப்பு என்று கண்டால் திருத்திக்கொள்வது அறிவு. தப்பு என்று கண்டும் முன்னோர் சொன்னது என்று பிடித்துக்கொண்டிருப்பது மூடத்தனம்.

அந்த வீட்டுப் பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களோ என்னவோ நமக்குத் தெரியாது. இருந்தால், நாம் சொன்னதை அப்படியே நம்பவேண்டாம். நாளைக் காலையில் பெண்ணை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைக் கேளுங்கள். முகாமுக்குப் போய் வந்த பிள்ளைகளைக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இதுவரை யாரும் கேட்காத ஒருவரைக் கேளுங்கள். அந்தப் பெண்ணையே கேளுங்கள். கேட்டபின் உங்கள் புத்திக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.